அருள்நகரும் இங்கிலாந்தும்

மணியைக் கையிலும் மன்னிக்கும் குணத்தை மனத்திலும் ஏந்தி, இந்தப் பேச்சரங்கின் நடுவராக நடுநாயகமாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா ஸ்ரீநிவாசராகவன் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, என் கட்சியைத் தரைமட்டமாக்கிவிட்டு, இப்போது ஒன்றுமே நடக்காதது போலத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் என் அருமை அண்ணன் குப்புராஜ் அவர்களே. முன்வரிசையில் அமர்ந்து, மூட்டுவலியைப் பொறுத்துக்கொண்டு, என்னையும் பொறுத்துக்கொள்ளப் போகும் பெரியோர்களே. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை ஒத்திவைத்து, இந்தப் பொழிச்சலூர் மண்டபத்தை நிறைத்துவைத்திருக்கும் தாய்மார்களே. பின்னால் நின்றபடியே என் முதல் பிழைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே. உங்கள் எல்லோருக்கும் தேவானந்தத்தின் தலைதாழ்ந்த வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புக்கு அளவு பார்ப்பது என் பிழைப்பு. மாலையானால் மேடையேறி அளவில்லாமல் பேசுவது என் வியாதி. முன்னதற்குச் சம்பளம் தருகிறார்கள், பின்னதற்குச் சால்வை தருகிறார்கள்.

இன்றைய தலைப்பு, இங்கிலாந்துக்கெனத் தனி ஆட்சிமன்றம் வேண்டுமா, வேண்டாமா என்பது. அண்ணன் குப்புராஜ் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பைப் பேனரில் போட்டுப் பம்மல் முனையில் கட்டிய அன்று, டீக்கடையில் ஒரு ஆட்டோக்கார நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், நம்ம தெருவுல தண்ணி லாரி வந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நீங்க இன்னாடான்னா இங்கிலாந்துக்கு கவர்மெண்ட் கேட்டுகினு கீறீங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது, இன்று என்னோடு இந்த மேடைக்கும் ஏறி வந்திருக்கிறது.

நம்மை ஆண்டவன் அல்லவா அவன்? கப்பலில் வந்தான், கடை போட்டான், கோட்டை கட்டினான், கொடியை ஏற்றினான். நம் வாயில் இருந்ததை வரியாக வாங்கினான், வாய் திறந்தவனைச் சிறையில் பூட்டினான். அவனுக்கு ஆட்சி வேண்டும் என்று அவனிடமிருந்து ஆட்சியை வாங்கியவன் பிள்ளை வாதாடுவதா? அவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமே?

கொஞ்சம் பொறுங்கள், விமானம் போகட்டும். இந்த ஊரில் பேச்சாளன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை விமானிதான் முடிவு செய்கிறார்.

போய்விட்டது. இருக்கலாம் என்றேன். இருக்க முடியாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே மன்னரின் குடைக்கீழ் நான்கு நாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக்கு ஒரு பாராளுமன்றம் உண்டு, அது எடின்பரோவில் கூடுகிறது. வேல்ஸுக்கு ஒரு மன்றம் உண்டு, அது கார்டிஃபில் கூடுகிறது. வட அயர்லாந்துக்கும் ஒரு சபை உண்டு, சண்டை போட்டுக் கதவை மூடுவார்கள், சமாதானமாகித் திறப்பார்கள், ஆனாலும் அவர்களுக்கென்று அது உண்டு. நான்காவது நாடு, நான்கிலும் பெரிய நாடு, அந்த இங்கிலாந்துக்கு என்ன உண்டு?

பின்னாலிருந்து ஒரு தம்பி, "லண்டன்ல கீதே சார்" என்கிறார். நல்ல கேள்வி தம்பி, உட்காருங்கள், இடம் இல்லையென்றால் சாய்ந்தாவது நில்லுங்கள். லண்டனில் இருப்பது நான்கு பேருக்கும் பொதுவான மன்றம். ஸ்காட்லாந்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மன்றத்தில் முடிவெடுப்பார்கள், அதில் இங்கிலாந்துக்காரன் மூச்சுவிட முடியாது. இங்கிலாந்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பொது மன்றத்தில் முடிவெடுப்பார்கள், அதில் ஸ்காட்லாந்து உறுப்பினரும் ஓட்டுப் போடுவார். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்துக் கல்லூரிகளின் கட்டணத்தைக் கூட்டும் சட்டம் அந்த மன்றத்துக்கு வந்தது. விரல்விட்டு எண்ணும் ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஸ்காட்லாந்து உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊர்க் கல்லூரிகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

அவர்கள் கெட்டவர்களா? இல்லை. விதி அப்படி இருந்தது, ஓட்டு இருந்தது, போட்டார்கள். பிறகு இதைச் சரிசெய்ய ஒரு விதி கொண்டுவந்தார்கள், இங்கிலாந்துக்கு மட்டும் ஆன சட்டத்துக்கு இங்கிலாந்து உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும் என்று. சில ஆண்டுகள் அது ஓடியது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

என் தங்கை ஜெரூஷா அங்கே நர்ஸாக இருக்கிறாள். வேல்ஸ் எல்லையை ஒட்டி, இங்கிலாந்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். நம் நாட்டுப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள், ஆனாலும் அங்கே குடியிருப்பதால் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை அவளுக்கு உண்டு. நம்மை ஆண்டவர்களின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் நம் பம்மல் பெண் ஒருத்தி நிற்கிறாள் என்றால், காலம் எப்படிப்பட்ட குறும்புக்காரன் என்று பாருங்கள்.

போன வாரம் போனில் பேசினாள். "அண்ணா, என்கூட டியூட்டி பாக்குற பொண்ணு வேல்ஸ்லேருந்து தினம் கார்ல வருது. அவங்க அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் ஃப்ரீ, அவங்க கவர்மெண்ட் அப்படி முடிவு பண்ணிருக்கு. நான் இங்க காசு குடுத்து வாங்குறேன். காசு போனா பரவால்ல அண்ணா. ஆனா அவ லன்ச்ல உக்காந்து அவங்க அசெம்பிளிய திட்டுவா பாரு, இவன் சரியில்ல, அவன் தூங்குறான்னு, கேக்கவே ஆசையா இருக்கும். எனக்குத் திட்டுறதுக்குக்கூடச் சொந்தமா ஒண்ணு இல்ல."

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். திட்டுவதற்கென்று சொந்தமாக ஒருவர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? திட்டும் உரிமைதான் ஐயா மக்களாட்சியின் முதல் உரிமை. அந்த உரிமை ஸ்காட்லாந்துக்கு உண்டு, வேல்ஸுக்கு உண்டு, இங்கிலாந்துக்கு இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இனி அண்ணன் குப்புராஜ் எய்த அம்புகளுக்கு வருகிறேன். அவர் சொன்னார், "அந்த ராஜ்ஜியத்துல நூறு பேர்ல எண்பத்துச் சொச்சம் பேர் இங்கிலாந்துக்காரன். அவனுக்குத் தனி மன்றம் வச்சா பொது மன்றத்துக்கு என்ன வேலை? யானைக்குத் தனி நாற்காலி போட்டா மத்தவன் எங்க உக்காருவான்? கூட்டே உடைஞ்சு போகும்." கைதட்டினீர்கள். நானும் உள்ளுக்குள் தட்டினேன், நன்றாகத்தான் சொன்னார். அடுத்து, "அவனே கேக்கல, நீ ஏன் வாங்கிக் குடுக்குற? வடகிழக்குல ஒரு பகுதிக்கு மன்றம் வேணுமான்னு ஓட்டெடுத்தாங்க, வேணாம்னு அடிச்சுத் தள்ளிட்டாங்க" என்றார். அதுவும் உண்மைதான், மறுக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் நகரிலிருந்து சொல்லப் போகிறேன்.

அருள்நகர் உங்களுக்குத் தெரியும். அதைச் சுற்றி வேலவன் நகர், ஏரிக்கரை நகர், மல்லிகை அவென்யூ. நான்கு நகர்களுக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் இருந்தன. குப்பை வண்டிக்கும் கொசு மருந்துக்கும் தனித்தனியாக அலைந்து அலுத்துப்போய், நால்வரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தோம். அந்த நேரத்தில் எங்கள் சங்கத்துக்குத் தலைவர் லாசரஸ் ஐயா, ரயில்வேயில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பெருந்தன்மையில் மன்னர். அவர் எழுந்து, "நம்மதானே பெரிய நகர்? ஆபீஸ் ரூம் நம்மளுது, மைக் செட் நம்மளுது, மெம்பர்ஸ் அதிகம் நம்மளுது. அவங்க சின்னவங்க, அவங்க சங்கத்த வச்சிக்கட்டும். நமக்கு செபரேட்டா எதுக்கு? கூட்டமைப்பே நம்மளுதுதான்" என்றார். எங்கள் நெஞ்சம் நிமிர்ந்தது. ஆனந்தமாகக் கைதட்டினோம். எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையை நாங்களே இறக்கி, அதே ஆணியில் கூட்டமைப்பின் பலகையை மாட்டினோம்.

உலகத்தில் அடிமைப்பட்டுச் சங்கத்தை இழந்தவர்கள் உண்டு. ஆணவப்பட்டுச் சங்கத்தை இழந்தவர்கள் நாங்கள்தான், எங்களுக்கு முன்னால் இங்கிலாந்துக்காரன்.

கூட்டமைப்பு மாதம் ஒரு ஞாயிறு கூடும், இரண்டாம் ஆராதனை முடிந்து வேதக்கோவிலிலிருந்து நாங்கள் வந்த பிறகு. அங்கே ஒரு வழக்கம் வளர்ந்தது. வேலவன் நகர்க்காரர் எழுந்து, எங்கள் நகரில் இப்படி முடிவு செய்திருக்கிறோம் என்பார், எல்லோரும் கைதட்டுவோம். ஏரிக்கரை நகர்க்காரர் எழுவார், கைதட்டுவோம். மல்லிகை அவென்யூ எழும், கைதட்டுவோம். அவர்கள் வீட்டு விஷயம், அவர்கள் முடிவு, நமக்குத் தட்டுவதுதான் வேலை. எங்கள் நகர் விஷயம் வந்தால் மட்டும் அதற்கு முன்பே கூடிப் பேச எங்களுக்கு இடம் கிடையாது. அதனால் அதை மேசையில் வைப்பார்கள், எல்லா நகர்க்காரர்களும் கை தூக்குவார்கள். அவர்களுக்குக் கைதட்டல், எங்களுக்குக் கைதூக்கல். வருஷக்கணக்கில் இது யாருக்கும் உறுத்தவில்லை.

பிறகு ரோடு வந்தது.

ரோடு போட வந்த ஒப்பந்தக்காரர் நல்ல மனிதர். "பழைய ரோட்டைச் சுரண்டிட்டுப் போடவா, அப்படியே மேல போடவா, நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றார். சுரண்டினால் கொஞ்ச நாள் வண்டி போகாது. மேலேயே போட்டால் வேலை சுருக்கு, ஆனால் ரோடு உயரும், வீடு தாழும். நம் பக்கத்தில் வீட்டுக்குள் இறங்கிப் போகிற வீடுகள் எத்தனை, படியே பள்ளமாகிப்போன வாசல்கள் எத்தனை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மற்ற மூன்று நகர்களும் தங்கள் சங்கத்தில் கூடி, சுரண்டிவிட்டே போடுங்கள் என்று முடிவெடுத்து வந்தன. கைதட்டினோம். எங்கள் மெயின் தெருவின் முறை வந்தது. அந்தத் தெரு வழியாகத்தான் மூன்று நகர் வண்டிகளும் பம்மல் போகவேண்டும். அடைத்தால் சுற்ற வேண்டும். மேலேயே போடட்டும் என்று கைகள் உயர்ந்தன. எங்கள் ஆட்களிலேயே வீட்டை உயர்த்திக் கட்டிக்கொண்ட சிலரும் கூடவே தூக்கினார்கள். மற்ற நகர்க் கைகள் இல்லாவிட்டால் அது தோற்றிருக்கும். அவை இருந்தன, ஜெயித்தது.

எங்கள் தெருவில் தாழ்ந்த வாசல் வைத்த வீடு ஒன்று உண்டு. ஹெப்சி டீச்சர் வீடு. அவர் கணவர் ஜாய்சன், பல்லாவரம் பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். டீச்சர் காலையில் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் வருவார். அந்தப் பகல் முழுவதும் ஜாய்சன் வீட்டில் அடைந்து கிடந்தாரா? கிடக்கவில்லை. வாசலில் ஒரு சின்னச் சரிவு கட்டி வைத்திருந்தார். தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வருவார். பால் பூத்துக்குப் போவார், பேப்பர் வாங்குவார், மெடிக்கலில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார், போகிற வருகிற என்னைப் பார்த்து, "இன்னைக்கு எந்த மேடை சார்?" என்று வம்பிழுப்பார். அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த சுதந்திரம் எல்லாம் அந்தச் சரிவில் இருந்தது.

ரோட்டின் முதல் அடுக்கைப் போட்டார்கள். ரோடு அவர் கேட்டுக்கு முழங்கால் உயரத்துக்கு மேலே போய்விட்டது. சரிவு சுவராகிவிட்டது. தெருவுக்கெல்லாம் ரோடு வந்த அன்று, அந்த ஒரு மனிதருக்கு ரோடு போய்விட்டது.

வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். தூக்க ஆள் இல்லையா? இருந்தோம். கூப்பிட்டால் ஓடினோம். ஆனால் பாருங்கள், அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பால் பூத்துக்குப் போக இரண்டு பேரை எப்படி ஐயா கூப்பிடுவது? மேட்ச் பார்க்க ஆசையாக இருக்கிறது, என்னைத் தூக்குங்கள் என்று ஒரு ஆண்மகன் எப்படிக் கேட்பான்? மழைக்காலம் வந்தது. மேல் அடுக்கு மழை முடிந்துதான் என்றார்கள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் கண்ணுக்கு நேரே போகிற வண்டிச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் ஒரு மழைக்காலத்தைக் கழித்தார்.

மேடையில் பேசுபவன் நான். வாயைத் திறந்தது ஹெப்சி டீச்சர். நேராக வேலவன் நகர் ஜெயவேலு வீட்டுக்குப் போனார். ஜெயவேலு இந்த மண்ணின் பழைய குடும்பம். நாமெல்லாம் மனை வாங்கி வருவதற்கு முன்னால் இங்கே நெல் விளைத்தவர்கள். இன்று வாடகை வீடும் ஹார்டுவேர் கடையும் வைத்திருக்கிறார். டீச்சரோடு நானும் போனேன்.

"அண்ணா, கூட்டத்துல நீங்க ஏன் கை தூக்கினீங்க?" என்று கேட்டார் டீச்சர். குரல் உயரவில்லை.

ஜெயவேலு தலையைச் சொறிந்தார். "தூக்கினேன்மா, பொய் சொல்ல மாட்டேன். உன் வூடு எங்க கீது, யாரு கீறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? மேசைல வச்சாங்க, கேட்டாங்க, தூக்கினேன். வண்டி சீக்கிரம் போவட்டும்னு நெனச்சேன்." பிறகு அவரே கேட்டார். "நான் ஒண்ணு கேக்கறேன் டீச்சர். எங்க நகர் ரோட்டுக்கு உங்கள யாரும் கை தூக்கச் சொல்லல. உங்க தெருவுக்கு என்னை இன்னாத்துக்குக் கேட்டாங்க? எனக்கு இந்த பேஜார் எதுக்கு? உங்க சங்கம் எங்க?"

எங்கள் சங்கம் எங்கே? தாய்மார்களே, பெரியோர்களே, என் மேடை வாழ்க்கையில் எத்தனையோ குறுக்குக் கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்களுக்கு எதிரியென்று யாரும் இல்லை. எங்களுக்கு வீடும் இல்லை. அவ்வளவு பெரிய நகர், ஒரு வாசலைப் பற்றிப் பேச ஓர் அறை இல்லாமல் நின்றது.

அந்த ஞாயிறு ஜாய்சன் வீட்டு வரவேற்பறையிலேயே கூடினோம், அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று. பழைய சங்கத்தைத் திரும்பத் தொடங்குவதா என்பது பேச்சு. லாசரஸ் ஐயா எழுந்தார். அண்ணன் குப்புராஜ் இப்போது நன்றாகக் கேட்க வேண்டும்.

"வேண்டாம். நம்ம சைஸுக்குத் தனிச் சங்கம் வச்சா, மத்த மூணு நகரும் பயந்துடும். கூட்டமைப்பு டம்மி ஆயிடும். நம்ம வெளிய போறோம்னு நினைப்பாங்க. வருஷக்கணக்கா கட்டினது, நம்ம கையால உடைக்கணுமா?" அந்த அச்சம் பொய்யான அச்சம் இல்லை. ஒற்றுமையை நேசிக்கிறவனுக்கு வருகிற அச்சம் அது. லண்டனில் இன்று வேண்டாம் என்கிறவர்களிலும் பலருக்கு இருப்பது இதே அச்சம்தான், நான் அதை மதிக்கிறேன்.

ஜாய்சன் பதில் சொன்னார். "சார், எனக்கு கூட்டமைப்பு மேல கோவமே இல்ல. குப்பை வண்டி, கொசு மருந்து எல்லாம் சேந்தே பாப்போம். என் வாசலப் பத்தி என் தெருக்காரங்க முதல்ல பேசணும், அதுக்கு ஒரு இடம் வேணும். அவ்ளோதான் கேக்கறேன். அதுக்கே உடையற மாதிரி ஒரு கூட்டமைப்பு இருந்தா, இத்தனை நாளா என்னை வீட்டுக்குள்ள அடைச்சு வச்சா சார் அதை முட்டுக் குடுத்தீங்க?"

லாசரஸ் ஐயா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "முதல் கையெழுத்து நான் போடுறேன்" என்றார். பெருந்தன்மையால் சங்கத்தை மூடிய மனிதர், அதே பெருந்தன்மையால் திறந்தார்.

எங்கள் நகர் மூன்று தெருவாகப் பிரிந்து மூன்று சங்கம் வைக்கலாமா, ஒன்றாக வைக்கலாமா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. இன்னும் முடியவில்லை. தற்காலிகமாக ஒன்றாக வைத்திருக்கிறோம். வடகிழக்கு இங்கிலாந்து வேண்டாம் என்றதே என்று அண்ணன் கேட்டாரே, அதற்கு இதுதான் பதில். நாட்டின் ஒரு மூலைக்கு மட்டும், அதிகாரம் அதிகமில்லாத ஒரு சபையைக் காட்டி வேண்டுமா என்றார்கள், வேண்டாம் என்றார்கள். அது வீடே வேண்டாம் என்றதாகுமா? முழு இங்கிலாந்துக்கு ஒரு மன்றமா, பகுதி பகுதியாகப் பலவா என்பதை அவர்கள் சண்டை போட்டே முடிவெடுக்கட்டும். அந்தச் சண்டை அவர்கள் வீட்டுச் சண்டையாக இருக்கட்டும் என்பதுதான் என் வாதம்.

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா, முடித்துவிடுகிறேன். கதை நடுவில் நிறுத்தினால் தாய்மார்கள் உங்களைத்தான் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் லாசரஸ் ஐயா எழுந்தார். "அருள்நகர்ல நாங்க முடிவு பண்ணிருக்கோம். மேல் அடுக்கு போடறதுக்கு முன்னாடி தெருவ முழுசாச் சுரண்டணும். உங்களுக்குச் சிரமம் இருக்கும், மன்னிச்சிக்கணும்" என்றார். ஏரிக்கரை நகர்க்காரர் ஒருவர், "ஸ்கூல் வேன் எப்படி சார் வரும்?" என்று முணுமுணுத்தார். பெரிய நகர் முதன்முறையாகத் தன் முடிவோடு வந்து நிற்கிறது, என்ன செய்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லாசரஸ் ஐயா பயந்தது நடப்பதென்றால் அந்த நிமிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும். ஜெயவேலு எழுந்தார். "கொஞ்ச நாளைக்கு சுத்திகினு போனா இன்னா ஆயிடும்? அவங்க தெரு, அவங்க முடிவு பண்ணிகினாங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் இரும்புக் குழாய் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கைகளால் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கூட்டமைப்பு உடையவில்லை, இன்றும் இருக்கிறது, போன மாதம் கொசு மருந்து அடித்தது.

அண்ணன் குப்புராஜ் அவர்களே, யானைக்கு நாற்காலி போட்டால் மற்றவன் எங்கே உட்காருவான் என்று கேட்டீர்கள். யானைக்கு இடமில்லை என்பதால்தான் அது எல்லோர் நடுவிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கென்று ஓர் இடம் கொடுங்கள், மற்றவர்களும் நிம்மதியாக உட்காருவார்கள். ஸ்காட்லாந்து உறுப்பினரைப் பார்த்து, எங்கள் பள்ளிக்கு நீ யார் கை தூக்க என்று எவனும் கேட்கமாட்டான். அவரும், எனக்கு எதற்கு இந்த பேஜார் என்று தன் வேலையைப் பார்ப்பார். இங்கிலாந்துக்கு மன்றம் கேட்பது இங்கிலாந்துக்காக மட்டும் கேட்பதல்ல, மற்ற மூவரின் நிம்மதிக்காகவும் கேட்பது.

டீக்கடை நண்பருக்கும் சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட மண் இது. டெல்லியைப் பார்த்துக் கேட்டோம், இன்னும் கேட்கிறோம். தன் வீட்டு விஷயத்தைத் தானே முடிவெடுக்க முடியாதவன் படும் பாடு நமக்குத் தெரியும். தெரிந்த நாம், இன்னொருவனுக்கு அது இல்லை என்று அறியும்போது, அவன் நம்மை ஆண்டவன் என்பதற்காக வாயை மூடிக்கொள்வோமா? நமக்குச் சிறை தந்தவனுக்கும் சிறை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் இல்லையா? இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கிறது, உங்கள் முகங்களில் பார்க்கிறேன்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். தெருவைச் சுரண்டி, ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். இன்று மாலை இந்த மண்டபத்துக்குக் கிளம்பி வரும்போது, எதிரே ஜாய்சன் வந்துகொண்டிருந்தார். யார் கையும் படாமல், தன் கையால் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, பம்மல் பஸ் திரும்பும் முனையிலிருந்து வீட்டுப் பக்கம் வருகிறார். மடியில் பால் பாக்கெட் இல்லை, பேப்பர் இல்லை, மருந்து இல்லை. முகம் வேர்த்திருக்கிறது.

"எங்க சார் போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல சார். போகணும்னு தோணிச்சு, போனேன்" என்றார்.

நடுவர் ஐயா, தன்னாட்சி என்றால் என்ன என்று கட்டுக்கட்டாக எழுதியிருக்கிறார்கள், ஒரு நாள் முழுக்கப் பேசவும் என்னால் முடியும். அந்த மனிதர் சொன்னதைவிடக் கூடுதலாக ஒரு சொல் சொல்ல என்னால் முடியாது. யாரையும் கேட்காமல், யார் தோளிலும் தொங்காமல், போக வேண்டும் என்று தோன்றியபோது போவது. அது ஸ்காட்லாந்துக்கும் வேண்டும், தமிழ்நாட்டுக்கும் வேண்டும், அருள்நகருக்கும் வேண்டும். ஆகவே, நம்மை ஆண்ட அந்த இங்கிலாந்துக்கும் வேண்டும் என்று தீர்ப்பளிக்குமாறு உங்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம் தந்த மண்டபத்தாருக்கும், பொறுமை காத்த பெரியோர்களுக்கும், மனம்விட்டுச் சிரித்த தாய்மார்களுக்கும், கடைசிவரை நின்றே கேட்ட தம்பிகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.